எலும்புக்கூட்டு மாதிரி: கணிப்பொறி வடிவமைப்பில் ஒரு கணிதப் பார்வை

முன்னுரை

மிதிவண்டி ஒன்றைத் தாளில் வரைந்து காட்டுமாறு எவரைக் கேட்டாலும் அவர் முதலில் இரண்டு வட்டங்களை இடுவார். அடுத்து அவற்றுக்கிடையே சில கோடுகளை இழுப்பார். அதன் பின்னரே கைப்பிடி, இருக்கை, பெடல், மணி ஆகியவற்றுக்கு வருவார். சக்கரங்கள் இரண்டும் எங்கே நிற்கின்றன என்பது முடிவானால்தான் ஏனையவற்றுக்கு இடம் கிடைக்கும் என்பதை நம் கை தானாகவே அறிந்திருக்கிறது. ஆனால் அதே மிதிவண்டியைக் கணிப்பொறியில் வடிவமைக்கச் சொன்னால் பெரும்பாலோர் இந்த ஒழுங்கை மறந்துவிடுகின்றனர். பெடலின் திருகையும் மணியின் மூடியையும் அழகாக வரைந்து முடித்த பிறகு, அவற்றை எங்கே பொருத்துவது என்று தேடத் தொடங்குகின்றனர்.

மறந்த ஒழுங்கை மீட்டுத் தரும் முறை ஒன்று உண்டு. வடிவமைப்பாளர்கள் அதனை ‘ஸ்கெலிட்டன் மாடல்’ என்பர். நாம் அதனை ‘எலும்புக்கூட்டு மாதிரி’ எனலாம். அது யாது, எவ்வாறு அமைப்பது, அதனால் விளையும் நன்மை என்ன, எங்கே அது உதவாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நான் கணிதம் பயிற்றுவிப்பவன், பொறியாளன் அல்லன். ஆயினும் சில ஆண்டுகளாகப் பகுமுறை வடிவ கணிதம் பயிலும் இளங்கலை மாணவர்க்கு இம்முறையைப் பயிற்சியாகக் கொடுத்து வருகிறேன். கணிப்பொறி வழி வடிவமைப்பு என்றாலே அது பொறியியல் கல்லூரிக்கு உரியது என்று நம் மாணவர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். இம்முறையின் உயிர்நிலை எந்திர அறிவில் மட்டும் இல்லை. எது எதனைச் சார்ந்திருக்கிறது என்று தெளிவாகச் சிந்திப்பதில் இருக்கிறது. அச்சிந்தனை கணித மாணவர்க்கு உரிய சொத்தாகும்.

இரு வழிகள்

பல உறுப்புகள் சேர்ந்த ஒரு பொருளைக் கணிப்பொறியில் அமைக்க இரண்டு வழிகள் உள. முதலாவது கீழிருந்து மேல் செல்லும் வழி. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே உருவாக்கி, பின்னர் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திக் கொண்டே செல்வது இது. இரண்டாவது மேலிருந்து கீழ் இறங்கும் வழி. முழுப்பொருளுக்கும் பொதுவான செய்திகளை முதலில் முடிவு செய்து, அவற்றிலிருந்து ஒவ்வோர் உறுப்பையும் பெறுவது இது.

முதல் வழி எளிதாகத் தோன்றும். ஆனால் அதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. திண்பொருள் ஒன்றுக்கு வெளியில் ஆறு இயக்க உரிமைகள் உண்டு: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைப் பற்றிச் சுழலலாம். ஓர் உறுப்பை நிலைநிறுத்த இந்த ஆறினையும் கட்டுப்படுத்த வேண்டும். கீழிருந்து மேல் செல்லும்போது இக்கட்டுப்பாடுகளை அண்டை உறுப்புகளிலிருந்தே பெறுகிறோம். குழாயின் முனை கூட்டின் முகத்தோடு, கூட்டின் முகம் மற்றொரு குழாயின் விளிம்போடு என்று சார்பு பின்னிக்கொண்டே போகும். 20 உறுப்புகள் இருந்தால், எந்த இரண்டும் தம்முள் தொடர்பு கொள்ளக்கூடுமாயின், 20 × 19 ÷ 2, அதாவது 190 இணைகள் உண்டாக இடமுண்டு. எல்லாம் உண்டாகா என்பது உண்மையே. ஆனால் எவை உண்டாயின என்பதை எவரும் குறித்து வைப்பதில்லை என்பதுதான் இடர்ப்பாடு.

வீடு கட்டும் கொத்தனார் எடுத்தவுடன் செங்கல்லைக் கையில் எடுப்பதில்லை. மனையில் முளைகளை அடித்து நூல் கட்டுகிறார். அந்த நூல் வீட்டின் பகுதி அன்று. வேலை முடிந்ததும் அவிழ்க்கப்பட்டுவிடும். ஆயினும் எல்லாச் சுவர்களும் நூலைப் பார்த்தே எழுகின்றன. ஒரு சுவரைப் பார்த்து அடுத்த சுவரை எழுப்பினால் முதற்சுவரின் கோணல் கடைசிச் சுவர்வரை வந்து சேரும். எலும்புக்கூட்டு மாதிரி என்பது கணிப்பொறிக்குள் கட்டப்படும் நூல் என்று கொள்ளலாம். 20 உறுப்புகளும் அதனை மட்டுமே பார்த்தால் சார்புகள் 190-க்கு விரியாமல் 20-இல் அடங்கும்.

எலும்புக்கூட்டில் எவை இடம்பெறும்?

எலும்புக்கூட்டு மாதிரியில் புள்ளிகள், அச்சுகள், ஆதாரத் தளங்கள், கோட்டு வரைவுகள், சில வேளைகளில் மேற்பரப்புகள் ஆகியவையே இருக்கும். கனமுள்ள திண்பொருள் எதுவும் இராது. ஆகையால் அதற்கு எடை இல்லை. வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலிலும் அது சேராது.

எதனை உள்ளே வைப்பது, எதனை வெளியே விடுவது என்பதற்கு நான் மாணவர்க்குச் சொல்லும் சோதனை ஒன்றே. ‘இந்தச் செய்தி ஒரே ஓர் உறுப்புக்கு உரியதா, ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்கு உரியதா?’ என்று கேட்டுப் பாருங்கள். முன்சக்கரத்தின் அச்சு எங்கே நிற்கிறது என்பது சக்கரத்துக்கும் வேண்டும், அதனைப் பற்றியிருக்கும் ஃபோர்க்குக்கும் வேண்டும், மட்கார்டுக்கும் வேண்டும். எனவே அது எலும்புக்கூட்டில் இருக்க வேண்டியது. ஃபோர்க்குக் குழாயின் தகட்டுக் கனம் ஃபோர்க்கைத் தவிர வேறு எதற்கும் வேண்டியதில்லை. எனவே அது எலும்புக்கூட்டில் இருக்கக் கூடாதது. இச்சோதனையைத் தளராமல் கடைப்பிடித்தால் எலும்புக்கூடு தானே மெலிந்து நிற்கும். மெலிந்து நிற்பதே அதற்கு அழகு.

மிதிவண்டியின் எலும்புக்கூடு

இனி ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். மிதிவண்டியைப் பக்கவாட்டில் நோக்குகிறோம் எனக் கொள்க. வண்டியை இடம் வலமாகச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுத்தளமே நமது வரைதளம். பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியை ஆதிப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். தரையே கிடை அச்சு. அளவுகள் எல்லாம் மி.மீ.-இல்.

டயருடன் சேர்த்துச் சக்கரத்தின் ஆரம் 340 என்க. ஆகவே பின்சக்கர அச்சு (0, 340) என்ற புள்ளியில் இருக்கும். பெடல்களைத் தாங்கும் கிராங்க் அச்சு தரையிலிருந்து 270 உயரத்தில், அதாவது சக்கர அச்சுகளுக்கு 70 கீழே இருக்கட்டும். பின் அச்சுக்கும் கிராங்க் அச்சுக்கும் இடையே உள்ள தொலைவு 440 என்றால், பிதாகரசு தேற்றப்படி கிடைத்தொலைவு 440-இன் வர்க்கத்திலிருந்து 70-இன் வர்க்கத்தைக் கழித்த எண்ணின் வர்க்கமூலம், ஏறத்தாழ 434. எனவே கிராங்க் அச்சு (434, 270). இரு சக்கரங்களுக்கும் இடையே 1,030 இருக்க வேண்டும் எனக் கொண்டால் முன் அச்சு (1030, 340).

அடுத்தது திருப்பு அச்சு. கைப்பிடியைத் திருப்பும்போது ஃபோர்க்கு எந்தக் கோட்டைப் பற்றிச் சுழல்கிறதோ அந்தக் கோடு இது. இதனைத் தரைக்கு 72 பாகை சாய்வாக வைப்போம். முன்சக்கர அச்சு இக்கோட்டின் மேலேயே இராமல் அதற்கு 45 மி.மீ. முன்தள்ளி இருக்கும். ஃபோர்க்கின் நுனி முன்னோக்கி வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளைவின் பயன் இதுவே. கிராங்க் அச்சிலிருந்து பின்சாய்ந்து மேலெழும் இருக்கைக் கோடு ஒன்றையும் 73 பாகையில் இட்டால் எலும்புக்கூடு நிறைவு பெறும்.

எண்ணிப் பாருங்கள்: ஒரு தளம், ஒரு தரைக்கோடு, மூன்று அச்சுப் புள்ளிகள், இரண்டு சாய்கோடுகள், இரண்டு வட்டங்கள். இவ்வளவே. இன்னும் ஒரு குழாய்கூட உருவாகவில்லை. ஆயினும் இந்த வண்டி எத்தகையது என்பதைப் பற்றிய முக்கியமான வினாக்கள் பலவற்றுக்கு இப்போதே விடை சொல்ல இயலும்.

பாதமும் முன்சக்கரமும்

முதல் வினா இது: மெதுவாகச் சென்றுகொண்டே கைப்பிடியை நன்றாகத் திருப்பினால் ஓட்டுபவரின் பாதம் முன்சக்கரத்தில் இடிக்குமா? இடித்தால் அவர் கீழே விழக்கூடும். ஆகவே இது பொழுதுபோக்குக் கணக்கு அன்று.

கிராங்க் அச்சுக்கும் முன்சக்கர அச்சுக்கும் உள்ள தொலைவைக் கணக்கிடுவோம். கிடையில் 1,030 − 434 = 596; செங்குத்தில் 70. எனவே நேர்த்தொலைவு ஏறத்தாழ 600. கிராங்கின் நீளம் 170 என்றும், பெடலின் நடுவிலிருந்து செருப்பின் நுனி 100 முன்னே நீள்கிறது என்றும் கொள்வோம். அதனுடன் சக்கர ஆரம் 340-ஐக் கூட்டினால் 610 ஆகிறது. இருப்பதோ 600. பாதம் இடிக்கக்கூடும்!

சக்கரம் திரும்பும்போது அதன் அச்சும் சற்று இடம்பெயரும். பாதம் நடுத்தளத்திலிருந்து விலகியும் இருக்கும். ஆகவே இது முதற்கணக்கு மட்டுமே. முன்சக்கர வட்டத்தைத் திருப்பு அச்சைப் பற்றிச் சுழற்றிப் பார்த்துத் துல்லியமாக அறியலாம். எலும்புக்கூட்டில் அசைவையும் ஏற்றிக் காண முடியும் என்பது இம்முறையின் ஒரு சிறப்பு.

நேர்த்தொலைவை 630 ஆக்க விரும்பினால் கிடைத்தொலைவு ஏறத்தாழ 626 ஆக வேண்டும். முன் அச்சு (1060, 340)-க்கு நகரும். ஓர் எண்ணை மாற்றுகிறோம்; வேலை முடிகிறது. குழாய்கள் எல்லாம் வரைந்து, விளிம்புகள் எல்லாம் மழுக்கி, வண்ணமும் பூசிய பிறகு இதே குறையைக் கண்டுபிடித்திருந்தால் எத்தனை நாள் உழைப்பு வீணாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் எலும்புக்கூட்டின் மதிப்பு விளங்கும்.

ஒரு கோணம் மாறினால்

இரண்டாவது வினா: கைப்பிடியை இலேசாகப் பிடித்தால் வண்டி நேராகச் செல்லுமா? திருப்பு அச்சைத் தரைவரை நீட்டினால் அது சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் தரையைச் சந்திக்கும். இவ்விரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தொலைவை ‘ட்ரெயில்’ என்பர். நாம் பின்தங்கு தொலைவு என்போம். வண்டி எவ்வளவு எளிதில் திரும்பும், எவ்வளவு உறுதியாக நேரே செல்லும் என்பதில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் இது ஒன்றே காரணம் அன்று.

பின்தங்கு தொலைவு = (சக்கர ஆரம் × கோணத்தின் கொசைன் − முன்தள்ளல்) ÷ கோணத்தின் சைன்

72 பாகைக்கு: (340 × 0.309 − 45) ÷ 0.951 = ஏறத்தாழ 63 மி.மீ.

70 பாகைக்கு: (340 × 0.342 − 45) ÷ 0.940 = ஏறத்தாழ 76 மி.மீ.

இரண்டே பாகை மாற்றத்தில் 13 மி.மீ. வேறுபாடு வந்துவிட்டது. அத்துடன் முன் அச்சை நகர்த்தாமல் கோணத்தை மட்டும் மாற்றினால், சக்கர அச்சுக்கு 550 மி.மீ. மேலே உள்ள கைப்பிடி ஏறத்தாழ 22 மி.மீ. பின்னோக்கி வருகிறது. கழுத்துக் குழாய் சாய்கிறது. மேற்குழாய், கீழ்க்குழாய் ஆகியவற்றின் நீளங்களும் அவற்றின் முனைகளை வெட்ட வேண்டிய கோணங்களும் மாறுகின்றன. இவை அனைத்தையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டுமானால் ஏதேனும் ஒன்று விடுபடுவது உறுதி. அவை அனைத்தும் எலும்புக்கூட்டின் கோட்டிலிருந்தே தம் அளவுகளைப் பெற்றிருந்தால், 72 என்ற எண்ணை அழித்து 70 என்று எழுதுவதோடு நம் வேலை முடிகிறது.

கணிதத்தில் நாம் சாரா மாறி, சார்ந்த மாறி என்று பிரிக்கிறோம். எலும்புக்கூட்டில் உள்ள எண்கள் சாரா மாறிகள். உறுப்புகளின் அளவுகள் சார்ந்த மாறிகள். வடிவமைப்பு முழுவதும் ஒரு பெரிய சார்பாக விளங்குகிறது. ‘சார்பு’ என்ற தமிழ்ச்சொல் இங்கே இரு பொருளிலும் பொருந்தி வருவதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

சார்பு எத்திசையில் செல்ல வேண்டும்?

எலும்புக்கூட்டிலிருந்து உறுப்புக்குச் செய்தி செல்லலாம். உறுப்பிலிருந்து எலும்புக்கூட்டுக்குச் செல்லக் கூடாது. ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்கும், இயன்றவரை, செல்லக் கூடாது. இம்முறையின் சட்டம் இவ்வளவே. கோட்டுருவியல் பயின்றோர் இதனைத் திசையுள்ள, சுழல் இல்லாத கோட்டுரு என்று உடனே கண்டுகொள்வர். சுழல் இருந்தால் ‘அ’வைக் கணக்கிட ‘ஆ’ வேண்டும், ‘ஆ’வைக் கணக்கிட ‘அ’ வேண்டும் என்ற நிலை தோன்றி, கணிப்பொறி எதனை முதலில் கணக்கிடுவது என்று அறியாமல் நின்றுவிடும்.

இதனை மாணவர் கண்ணால் காண வேண்டும் என்பதற்காக ஒரு பயிற்சி வைத்தேன். நால்வர் கொண்ட இரு குழுக்கள். இரண்டுக்கும் ஒரே மிதிவண்டி, ஒரே மென்பொருள். விலையின்றிக் கிடைக்கும் ‘ஃபிரீகேட்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம். முதற்குழு உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்திச் சென்றது. இரண்டாம் குழு முதலில் எலும்புக்கூட்டை அமைத்துப் பின்னர் வேலையைப் பங்கிட்டுக் கொண்டது.

தொடக்கத்தில் முதற்குழுவே முந்தியது. இரண்டாம் குழுவோ முதல் இரண்டு வகுப்புகளிலும் கோடுகளை வைத்துக்கொண்டு வாதாடிக் கொண்டிருந்தது. பார்த்தவர்கள் நகைத்தனர். பிறகு ஒரு வேறுபாடு புலப்பட்டது. முதற்குழுவில் கழுத்துக் குழாயை அமைக்கும் மாணவி இரு நாள் விடுப்பில் சென்றபோது மற்ற மூவரும் கைகட்டிக் காத்திருக்க நேர்ந்தது. அவர்களது குழாய்களும் ஃபோர்க்கும் அந்தக் கழுத்தைப் பற்றியே நிற்க வேண்டியிருந்தன. இரண்டாம் குழுவில் எவரும் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. கழுத்துக் குழாய் இன்னும் பிறக்கவில்லையாயினும் அது எங்கே பிறக்கும் என்பது நால்வருக்கும் தெரிந்திருந்தது.

இரு வண்டிகளும் முடிந்த பின் முன் அச்சை 30 மி.மீ. முன்னே தள்ளுமாறு கேட்டேன். இரண்டாம் குழு அந்த வகுப்பு முடிவதற்குள் செய்து காட்டியது. முதற்குழுவின் திரையில் பிழைக்குறிகள் வரிசையாகத் தோன்றின. குழாயின் முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் தானே எண்ணிட்டுக் கொள்கிறது. வடிவம் மாறியதும் அந்த எண்கள் இடம்மாறின. நேற்று ஏழாம் விளிம்பைப் பற்றியிருந்த உறுப்பு இன்று வேறொரு விளிம்பைப் பற்றித் தொங்கியது. 2024 நவம்பரில் வெளிவந்த ஃபிரீகேட் 1.0 பதிப்பில் இத்தொல்லை பெரிதும் குறைக்கப்பட்டுள்ளது. ஆயினும் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும் சார்பை எந்த மென்பொருளாலும் அகற்ற இயலாது. அதனை அகற்ற வேண்டியவர் வடிவமைப்பாளரே.

இரண்டாம் குழுவும் முற்றிலும் தப்பவில்லை. ஒரு மாணவர் மட்கார்டின் வளைவை எலும்புக்கூட்டு வட்டத்திலிருந்து எடுக்காமல், அருகில் அழகாகத் தெரிந்த டயரின் மேற்பரப்பிலிருந்து எடுத்துக்கொண்டார். டயரை அமைத்தவர் அதனை அழித்து மெல்லிய டயர் ஒன்றை வைத்ததும் மட்கார்டு நிலையிழந்தது. அண்டை உறுப்பைப் பிடித்துக்கொள்வது எப்போதும் எளிதாகவே இருக்கும். ஆகவேதான் கூடாது என்று விதி வேண்டியிருக்கிறது. இதற்காகவே எலும்புக்கூட்டில் எவை பிறர் எடுத்துக்கொள்ளத் தக்கவை என்பதைப் பெயரிட்டு அறிவிக்கும் வசதி மென்பொருள்களில் உள்ளது. ‘முன் அச்சு’, ‘திருப்பு அச்சு’, ‘கிராங்க் அச்சு’ என்று பெயரிட்டு வைத்தால் எடுப்பவருக்கும் ஐயம் இராது.

வளர்ந்த வரலாறு

கணிப்பொறிக்கு முன்பே இந்த எண்ணம் இருந்தது. கப்பல் கட்டும் தளங்களில் கப்பலின் வளைகோடுகளை ஒரு பெரிய கூடத்தின் தரையில் முழு அளவில் வரைந்து வைப்பர். விலா எலும்பு போன்ற சட்டங்களுக்கான அச்சுப் பலகைகளை அத்தரையிலிருந்தே எடுப்பர். அத்தரையே கப்பலின் எலும்புக்கூடாக இருந்தது.

1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து தம் முனைவர் பட்ட ஆய்வாக ‘ஸ்கெச்பேட்’ என்னும் நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த கோடுகளுக்கு ‘இணையாக இரு’, ‘செங்குத்தாக இரு’ என்று கட்டுப்பாடு விதிக்க அதில் இயன்றது. ஒரு மூலப்படத்தை மாற்றினால் அதன் படிகள் அனைத்தும் மாறின. இப்பணிகளுக்காக 1988-இல் அவருக்கு டூரிங் பரிசு வழங்கப்பட்டது.

1985-இல் சாமுவேல் கைஸ்பெர்க் என்பார் அமெரிக்காவில் ‘பாராமெட்ரிக் டெக்னாலஜி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சோவியத் நாட்டிலிருந்து குடியேறிய அவர் ஒரு கணிதப் பேராசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1980-களின் இறுதியில் அந்நிறுவனம் வெளியிட்ட ‘புரோ-எஞ்சினியர்’ மென்பொருளில் அளவுகள் எல்லாம் மாற்றத்தக்க மாறிகளாகவே இருந்தன. இன்று ‘கிரியோ’ என்று வழங்கும் அதன் வழித்தோன்றலில் எலும்புக்கூட்டு மாதிரி என்பது தனி மாதிரி வகையாகவே உள்ளது. ‘கேட்டியா’, ‘சாலிட்ஒர்க்ஸ்’, ‘இன்வென்டர்’, ‘என்.எக்ஸ்.’ ஆகியவற்றில் பெயரும் வழியும் வேறுபட்டாலும் கருத்து ஒன்றே.

பொதுச் செய்தி ஓரிடத்தில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ-380 விமானம் உலகறிந்த சான்று. அதன் பகுதிகள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் உருவாகிப் பிரான்சின் துலூஸ் நகரில் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஒரு விமானத்தில் 500 கி.மீ.-க்கு மேற்பட்ட மின்கம்பிகள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து வந்த பகுதிகளின் கம்பித் தொகுதிகள் துலூஸில் உரிய இடங்களில் பொருந்தவில்லை. ஜெர்மானிய, ஸ்பானிய வடிவமைப்பாளர்கள் ‘கேட்டியா’ மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரெஞ்சு, பிரிட்டானிய வடிவமைப்பாளர்கள் ஐந்தாம் பதிப்பையும் கையாண்டது அதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. ஒரு பக்கத்தில் செய்த மாற்றம் மறுபக்கத்தின் மாதிரியில் சரிவரச் சேரவில்லை. 2006-ஆம் ஆண்டில் அடுத்தடுத்துத் தாமதங்கள் அறிவிக்கப்பட்டன. முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு வழங்கப்பட்டது. எலும்புக்கூட்டு மாதிரி ஒன்று இருந்திருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அத்துணைப் பெரிய பணியின் இடர்கள் பலவகை. ஆனால் திறமை மிக்க வல்லுநர் பலர் தத்தம் பங்கைச் சரியாகச் செய்தும், அனைவரும் பார்க்கும் பொதுவான படம் ஒன்றாக இல்லையெனில் பங்குகள் சேரமாட்டா என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

எம்முறைக்கும் எல்லை உண்டு. இம்முறையின் எல்லைகளையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கடையில் வாங்கும் பொருள்களை எலும்புக்கூட்டிலிருந்து பெறக் கூடாது. பேரிங் உருண்டை, திருகு, செயின் ஆகியவற்றின் அளவுகள் முன்பே முடிவானவை. மிதிவண்டிச் செயினின் கண்ணி இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. நம் எலும்புக்கூட்டுக்காக அது மாறாது. நம் எலும்புக்கூடுதான் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். உட்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் வழக்கமான செயினை இரண்டு கண்ணிகளாகவே, அதாவது 25.4 மி.மீ. அளவிலேயே, நீட்டவோ குறைக்கவோ இயலும். செயின் பல்சக்கரங்களைச் சுற்றிச் சென்று திரும்புவதால் இதில் ஏறத்தாழப் பாதி அளவுக்குப் பின் அச்சு நகர வேண்டும். ஆகவே பற்சக்கர மாற்றி இல்லாத வண்டியில் பின் அச்சை அசையாப் புள்ளியாக வைக்காமல், குறைந்தது 13 மி.மீ. நகரக்கூடிய சிறு கோட்டுத்துண்டாக வைப்பதே முறை. பின்சக்கரம் நீண்ட பிளவில் பொருத்தப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது, வேறு வண்டிகளிலும் பயன்படுத்த நினைக்கும் உறுப்பை ஒரு குறிப்பிட்ட எலும்புக்கூட்டோடு கட்டிவிடக் கூடாது. கட்டினால் அது அந்த வண்டியை விட்டு வெளியே வராது.

மூன்றாவது, எலும்புக்கூட்டைத் தடிக்க விடக் கூடாது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒவ்வொருவரும் ஒரு கோட்டைச் சேர்த்தால் சில மாதங்களில் எந்தக் கோடு எதற்கு என்று எவருக்கும் தெரியாது போகும். பெரிய தொகுப்பாயின் தலைமை எலும்புக்கூடு ஒன்றும், அதிலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் பெறும் கிளை எலும்புக்கூடுகள் சிலவும் வைக்கலாம். நம் வண்டியில் முன்பகுதிக்கு ஒன்று, பின்பகுதிக்கு ஒன்று என்று பிரிக்க இயலும்.

நான்காவதே மிக முக்கியமானது. எலும்புக்கூட்டில் பிழை இருந்தால் அது எல்லா உறுப்புகளிலும் பரவும். நன்மை விரைந்து பரவும் அதே வழியில் தீமையும் பரவும். ஆகவே எலும்புக்கூட்டை மாற்றும் உரிமை ஒருவரிடமே இருக்க வேண்டும். அவர் மாற்றுவதற்கு முன் அனைவரிடமும் கேட்க வேண்டும்; மாற்றிய பின் அனைவர்க்கும் அறிவிக்க வேண்டும்; எந்நாளில் எதனை ஏன் மாற்றினார் என்று எழுதி வைக்க வேண்டும். பயிற்சியின்போது இரண்டாம் குழு முதல் இரு வகுப்புகளில் வாதாடியதாகச் சொன்னேன் அல்லவா? அந்த வாதமே அவர்கள் செய்த வேலையில் மிகப் பயனுள்ள பகுதி. எந்த உயரமுள்ளவர் ஓட்டுவார், எவ்வகைச் சாலையில் ஓட்டுவார், பின்னால் ஒருவரை ஏற்றுவாரா என்ற வினாக்களுக்கெல்லாம் விடை கண்ட பிறகே அவர்களால் ஐந்தாறு எண்களை எழுத முடிந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் எலும்புக்கூட்டு மாதிரி என்பது வரைவதை விரைவாக்கும் உத்தி மட்டும் அன்று என்பது விளங்கும். பலர் சேர்ந்து செய்யும் பணியில் எவை அனைவர்க்கும் பொதுவானவை என்று முதலில் கண்டறிந்து, அவற்றை ஓரிடத்தில் வைத்து, ஒவ்வொருவரும் அண்டையாரைப் பிடித்துத் தொங்காமல் அந்த ஓரிடத்தைப் பார்த்துத் தம் பங்கைச் செய்யும் ஒழுங்கே அது. அளவுகள் மாறாமல் எந்த வடிவமைப்பும் முடிவதில்லை. மாற்றம் வரும்போது தாங்கி நிற்குமா, குலைந்து போகுமா என்பது முதல் நாளில் இட்ட சில கோடுகளைப் பொறுத்திருக்கிறது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையில் உள்ள எண்களை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டா. வாகன நிறுத்தத்தில் நிற்கும் உங்கள் மிதிவண்டியை அளந்து பாருங்கள். சக்கரத்தின் ஆரம், கிராங்க் அச்சின் உயரம், இரு சக்கரங்களின் இடைத்தொலைவு ஆகியவற்றுக்கு அளவு நாடா போதும். சாய்வுக்கு ஒரு கோணமானியும் தூக்குக்குண்டும் போதும். அவற்றை வரைபடத்தாளில் குறித்து உங்கள் வண்டியின் எலும்புக்கூட்டை வரையுங்கள். பாதம் சக்கரத்தில் இடிக்குமா என்று முதலில் கணக்கிட்டுக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒருவரை வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பெடலில் கால் வைத்துக் கைப்பிடியைத் திருப்பிச் சரிபாருங்கள். கணக்கும் வண்டியும் ஒத்துவந்தால் கணிப்பொறியின் முன் அமர உங்களுக்குத் தகுதி வந்துவிட்டது. ஒத்துவராவிட்டால் எந்த அளவு பிழையானது என்று தேடுங்கள். தேடும்போது எந்த எண் எதனைச் சார்ந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெளிவாகும். அத்தெளிவைப் பெறுவதே இப்பாடத்தின் நோக்கம்.